ஊருக்குப் போகாதீங்கக்கா

"நாமெல்லாம் முறையா பேப்பரோட வந்தவங்க, அவங்க வரிசையைத் தாண்டிக் குதிச்சவங்க, ரெண்டு பேரையும் ஒண்ணா பேச முடியுமா?" போன தீபாவளி சமயம் இங்க நியூஜெர்சில ஒரு ஃப்ரெண்ட் வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கும்போது ஒருத்தர் இப்படிக் கேட்டார், இருந்த எல்லாரும் தலையாட்டினாங்க. அந்தக் கோபம் எனக்குப் புரியாம இல்ல. கிரீன் கார்டு வரிசைல 2013 தேதியைக் கையில வச்சுக்கிட்டு, எந்தத் தேதிக்காரங்க முறை வந்திருக்குன்னு மாசா மாசம் வர்ற விசா புல்லட்டினைப் பார்த்துப் பார்த்து ஏமாந்த வீடுதான் எங்க வீடும், ஒரு நாட்டுக்கு மொத்த கிரீன் கார்டுல 7 சதவீதம்தான்ங்கற கணக்கு எங்க பிள்ளைங்களுக்கே மனப்பாடம். ஆனா அன்னைக்கு என்னால தலையாட்ட முடியல. முறையா வந்தவங்கன்னு அவர் சொன்னது என்னையும் சேர்த்துதான், என்னோட கிரீன் கார்டு அப்ளிகேஷன்ல "ஸ்டேட்டஸோட (இங்க இருக்கக் கொடுத்த அனுமதியோட) விதிகளை எப்பவாவது மீறியிருக்கீங்களா"ங்கற கேள்விக்கு "ஆமா"ன்னு டிக் இருக்குன்னு எங்க வீட்டுக்காரரைத் தவிர அங்க இருந்த யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்தும் அது மனசுல ஓடிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே இன்னொண்ணும் நடந்துச்சு, அதையும் சேர்த்து எழுதினாதான் எனக்கு நிம்மதி.

என் கதையை முதல்ல சொல்லிடறேன். 2020 ஜனவரில பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு நெவார்க்ல வந்து இறங்கினோம். இவருக்கு ஹெச்-1பி வேலை விசா, எனக்கு அவர் மனைவிங்கறதால ஹெச்-4, இவருக்காகக் கம்பெனி போட்ட பெட்டிஷன் 2022 வரைக்கும் இருக்கு, ஆபீசர் பேப்பரைப் பார்த்தார், ஸ்டாம்ப் அடிச்சார், பிள்ளைங்க தூக்கக் கலக்கத்துல அழுதுட்டு இருந்தாங்க, பெட்டியை எடுத்துட்டு வந்துட்டோம். என்னோட பாஸ்போர்ட் அந்த வருஷம் ஜூலைல முடியறதா இருந்துச்சு, அதனால எனக்கு மட்டும் ஐ-94-ஐ, அதாவது எந்தத் தேதி வரைக்கும் இங்க தங்கலாம்ங்கற பதிவை, பாஸ்போர்ட் முடியற தேதி வரைக்கும்தான் கொடுத்திருக்காங்க. பாஸ்போர்ட்டை நேரத்துக்குப் புதுப்பிச்சாச்சு, ஆனா புது பாஸ்போர்ட் வந்தா ஐ-94 தானா நீளாது, அதுக்குத் தனியா அப்ளை பண்ணணும். இவர் கம்பெனியோட லாயர் ஆபீஸ் இவர் தேதியை மட்டும்தான் கணக்குல வச்சிருந்தாங்க. நாங்க கோவிட்ல வீட்டுக்குள்ள அடைஞ்சு, மளிகை சாமானை சோப்பு போட்டுக் கழுவிக்கிட்டு, ஊர்ல அப்பாவுக்கு காய்ச்சல்னா ராத்திரி முழுக்க தூங்காம இருந்த அந்த ஜூலைல, அந்தத் தேதி சத்தமில்லாம தாண்டிப் போயிடுச்சு.

தெரிஞ்சது எப்பன்னா, செப்டம்பர் கடைசில வந்த அக்டோபர் விசா புல்லட்டின் அப்ப. ஞாபகம் இருக்கறவங்களுக்கு அந்த நாள் மறக்காது, வேலை வழி கிரீன் கார்டுல மூணாவது பிரிவான இபி-3-ல இந்தியர்கள் அப்ளை பண்ணக்கூடிய ஃபைலிங் தேதி 2015 ஜனவரி 1-க்குத் தாவிடுச்சு, ரெண்டாவது பிரிவான இபி-2 அப்படியே 2011 மே மாசத்துலயே நிக்குது, நியூஜெர்சி முழுக்க இபி-3-க்கு மாத்திப் போட ஓடினாங்க. மெடிக்கலுக்கு டாக்டர் அப்பாயின்ட்மெண்ட் கிடைக்கல, நம்ம ஊர் பழைய பிறப்புச் சான்றிதழ்ல குழந்தை பேர் இருக்கற இடம் காலியா இருக்கும், அதுக்கு அம்மா கிட்டயும் மாமா கிட்டயும் அஃபிடவிட் வாங்கணும், இந்த அலைச்சலுக்கு நடுவுல லாயர் ஆபீஸ்ல இருந்து எல்லாரோட ஐ-94-ஐயும் டவுன்லோட் பண்ணி அனுப்பச் சொன்னாங்க. இவருது வந்துச்சு, 2022. என்னுது வந்துச்சு, ஜூலை 2020. தப்பான பாஸ்போர்ட் நம்பர் போட்டுட்டேனோன்னு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அதே தேதிதான்.

இதோட அர்த்தம் என்னன்னு அன்னைக்கு ராத்திரிதான் உட்கார்ந்து படிச்சோம். ஐ-94 தேதி தாண்டின நாள்ல இருந்து சட்டவிரோத தங்கல்னு நாள் ஓட ஆரம்பிச்சிடும். 180 நாளைத் தாண்டிட்டு நாட்டை விட்டு வெளிய போனா 3 வருஷம் உள்ள வர முடியாது, ஒரு வருஷத்தைத் தொட்டுட்டுப் போனா 10 வருஷம், 1996-ல போட்ட சட்டம் இது. சரி, 180-க்குள்ள ஒரு தடவை வெளிய போயிட்டு வந்துடலாம்னா, என் விசா ஸ்டாம்ப் முடிஞ்சிருச்சு, சென்னை கான்சுலேட்ல விசா வேலை நிக்குது, போதாததுக்கு ஜூன் மாசமே ஹெச் விசாக்காரங்க புதுசா உள்ள வர்றதை வருஷக் கடைசி வரைக்கும் நிறுத்தி வச்ச பிரகடனம் வேற. போனா பிள்ளைங்களை விட்டுட்டுப் போகணும், எப்ப திரும்புவேன்னு தெரியாது. இருந்தா நாள் ஓடுது. அந்த ராத்திரி நான் அழல, ஒரு மாதிரி மரத்துப் போயிடுச்சு. அடுத்த நாள் நாங்களே பணம் கட்டி வேற ஒரு லாயரைப் பார்த்தோம், அவங்கதான் 245(கே)-ன்னு ஒரு பிரிவு இருக்குன்னு சொன்னாங்க. 1997 நவம்பர்ல சேர்த்தது, வேலை வழியா கிரீன் கார்டு போடறவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும், கடைசியா முறைப்படி உள்ள வந்ததுல இருந்து கணக்கு பண்ணி மொத்தம் 180 நாள் வரைக்கும் மீறல் இருந்தாலும் இங்க இருந்தே அப்ளை பண்ண விடுற பிரிவு. என் கணக்கு அதுக்குள்ள நல்லாவே அடங்கிச்சு. "இந்த மாசமே ஃபைல் பண்ணிடுங்க, எங்கயும் போகாதீங்க"ன்னாங்க.

அந்த ஒரு கட்டம்

ஃபைல் பண்றதுக்கு முன்னாடி ஃபார்மை நிரப்பணும் இல்லையா. கிரீன் கார்டு அப்ளிகேஷனான ஐ-485-ல வரிசையா ஆமா இல்லைன்னு கேள்விகள், குண்டு வச்சிருக்கியா, ஆள் கடத்தியிருக்கியா, சர்வாதிகாரக் கட்சில இருந்திருக்கியான்னு பக்கம் பக்கமா போகும், எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு டிக் பண்ணிட்டே வந்து, விதிகளை மீறியிருக்கீங்களாங்கற அந்த இடத்துல கை நின்னுச்சு. நெருங்கினவங்க ரெண்டு மூணு பேர்கிட்ட மட்டும் சொல்லியிருந்தோம், அவங்க எல்லாருமே சொன்னது "இல்லன்னு போடும்மா, நீ வேணும்னா பண்ணின, பாஸ்போர்ட்டால ஆனது அது, யார் போய் பார்க்கப் போறா". நல்ல மனசோட சொன்னதுதான். ஆனா லாயர் ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவா விளக்கினாங்க. நாள் கணக்கு மீறல் ஒரு விஷயம், அதுக்கு சட்டத்துல இடம் ஒதுக்கி வச்சிருக்கு. தெரிஞ்சே ஃபார்ம்ல பொய் சொல்றது வேற விஷயம், அது வாழ்நாள் முழுக்க கூட வரும், எப்ப கண்டுபிடிச்சாலும், சிட்டிசன்ஷிப் போடும்போது கண்டுபிடிச்சாலும். நான் உள்ள வந்த தேதியும் ஐ-94 முடிஞ்ச தேதியும் அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு, அப்புறம் யாரை ஏமாத்தறதுக்கு அந்தப் பொய்.

ஆமான்னு டிக் பண்ணேன். தனித் தாள்ல நடந்ததை நடந்தபடி எழுதினோம், லாயர் 245(கே) பத்தி ஒரு கடிதம் வச்சாங்க. அடுத்த வருஷம் ஸ்டேட்டஸ் ஆதாரம் கேட்டு ஆர்.எஃப்.ஈ-ங்கற கடிதம் வந்துச்சு, அதுக்கும் அதே பதில், அதே உண்மை. 2022-ல கார்டு கைக்கு வந்துடுச்சு. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல, ஒரு டாலர் அபராதம் கூட இல்ல. சந்தோஷம்தான், ஆனா ஒண்ணு மட்டும் அப்பவே உறுத்திச்சு. அந்தக் கட்டம் எல்லாருக்கும் ஒரே கட்டம். பாஸ்போர்ட் தேதியால மாட்டின எனக்கும் அதே கேள்விதான், இருபது வருஷமா விசா முடிஞ்சு இங்க இருக்கறவங்களுக்கும் அதே கேள்விதான். ரெண்டு பேரும் டிக் பண்ற பதிலும் ஒண்ணுதான். அதுக்கப்புறம் யாருக்கு எவ்வளவு மன்னிப்புங்கறதை, நீ எவ்வளவு பெரிய தப்பு பண்ணினங்கறது மட்டும் முடிவு பண்ணல, எந்த வாசல் வழியா கேக்கறங்கறது முடிவு பண்ணுது.

நான் இதைத் தேடித் தேடிப் படிச்சேன், கார்டு வந்த பிறகும் விடல. வேலை வழியா வர்றவங்களுக்கு 180 நாள். அமெரிக்க சிட்டிசனோட கணவன், மனைவி, 21 வயசு ஆகாத கல்யாணமாகாத பிள்ளை, 21 வயசு ஆன சிட்டிசனைப் பெத்த அப்பா அம்மா, இவங்களுக்கு நாள் வரம்பே இல்ல, ஏர்போர்ட்லயோ பார்டர்லயோ ஆபீசர் பார்த்து முறைப்படி உள்ள விட்டிருந்தா போதும், எத்தனை வருஷம் தாண்டியிருந்தாலும், அனுமதி இல்லாம வேலை பார்த்திருந்தாலும் இங்க இருந்தே அப்ளை பண்ணலாம். திருட்டுத்தனமா பார்டர் தாண்டினவங்களுக்குக் கூட 245(ஐ)-ன்னு ஒரு வழி இருந்துச்சு, 1,000 டாலர் கூடுதலா கட்டினா போதும், ஆனா அவங்களுக்காக 2001 ஏப்ரல் 30-க்குள்ள யாராவது பெட்டிஷன் போட்டிருக்கணும், அந்தத் தேதிக்கு அப்புறம் கதவு மூடிடுச்சு. ரெஜிஸ்ட்ரின்னு இன்னொரு பழைய வழி, ரொம்ப வருஷமா இங்கயே இருக்கறவங்களுக்கு, அதுக்கு 1972 ஜனவரி 1-க்கு முன்னாடி வந்திருக்கணும், அந்தத் தேதியை 1986-க்கு அப்புறம் யாரும் நகர்த்தல. அப்ப வந்த குழந்தைக்கே இப்ப பேரப்பிள்ளை இருக்கும். இதுல எதுலயும் அடங்காதவங்களைப் பார்த்து வரிசைல நில்லுங்கன்னு சொல்றோமே, அவங்களுக்கு எந்த வரிசை இருக்குன்னு தீபாவளி அன்னைக்கே நான் கேட்டிருக்கலாம், வாய் வரல.

அக்கா சொன்ன பிளான்

எங்க பக்கத்துல பல வீட்டுக்கு சமைச்சுக் கொடுக்கற ஒரு அக்கா இருக்காங்க. அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன், அடையாளம் தெரியற மாதிரி எதுவும் எழுதல. தஞ்சாவூர் பக்கம். 2003-ல வீட்டுக்காரரோட விசிட்டர் விசால வந்தாங்க, ஆறு மாசம் கொடுத்தாங்க, ஊர்ல கடன் இருந்துச்சு, அவர் ஒரு இடத்துல வேலைக்குச் சேர்ந்தார், திரும்பிப் போகல. அடுத்த வருஷம் பொண்ணு இங்க பொறந்தா. அவளுக்கு விவரம் தெரியற வயசுல அப்பா மாரடைப்புல போயிட்டார். அப்ப இருந்து அக்கா கை சமையல்தான் அந்தப் பொண்ணைப் படிக்க வச்சது. டாக்ஸ் கட்டறதுக்குன்னு தர்ற ஐ.டி.ஐ.என் நம்பர் வாங்கி வருஷா வருஷம் டாக்ஸ் கூட கட்டறாங்க. அவங்க அம்மா இறந்தப்போ வாட்ஸ்அப்லதான் கொள்ளி வச்சதைப் பார்த்தாங்க, அன்னைக்கு சாயந்திரம் ஆர்டர் எடுத்தவங்களுக்கு சாப்பாடு போகணும்னு அடுப்பை அணைக்காம நின்னு பார்த்தாங்க. எனக்கு ரெண்டாவது பிரசவம் ஆனப்போ பத்தியக் குழம்பும் பூண்டு லேகியமும் கொண்டு வந்து கொடுத்துட்டு காசு வாங்க மாட்டேன்னு சண்டை போட்டவங்க.

தீபாவளி முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாங்க. முகத்துல ஒரு தெளிவு. "ஏம்மா, நம்ம பாப்பாவுக்கு 21 ஆயிடுச்சு இல்ல, இனிமே அவளால என்னைக் கூப்பிட்டுக்க முடியுமாம். பேப்பர் வேலை பார்க்கறவர் ஒருத்தர்கிட்ட கேட்டேன், நீங்க முதல்ல ஊருக்குப் போயிடுங்க, அங்க இருந்து முறையா வாங்க, அதுதான் சரின்னார். தை பொறந்ததும் கிளம்பிடலாம்னு இருக்கேன், உன்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்"ன்னாங்க. கையில முறுக்கு டப்பா.

எனக்குக் கை கால் ஓடல. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ராத்திரி முழுக்க படிச்ச அத்தனையும் அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. அவங்க விமானம் ஏறின அந்த நிமிஷம் 10 வருஷத் தடை விழும். இங்கயே இருக்கற வரைக்கும் அந்தத் தடை கிடையாது, வெளிய காலை வச்சாதான் விழும், அதுதான் இந்தச் சட்டத்துல நம்பவே கஷ்டமான இடம். சரி, தடை விழுந்தா மன்னிப்பு கேக்கலாமான்னா, அதுக்கு சிட்டிசனோ கிரீன் கார்டோ வச்சிருக்கற கணவனோ மனைவியோ அப்பா அம்மாவோ இருக்கணும், அவங்க படற கஷ்டத்தைக் காட்டணும். பெத்த பொண்ணு அந்தக் கணக்குல வர மாட்டா. அக்காவுக்கு இருக்கறது பொண்ணு மட்டும்தான். அவங்க போயிருந்தா அம்பத்து சொச்சத்துல போயி அறுபதைத் தாண்டி, அதுவும் கிடைச்சா, திரும்பி வந்திருப்பாங்க. "ஊருக்குப் போகாதீங்கக்கா"ன்னு கத்திட்டேன் போல, உள்ள இருந்து இவர் எழுந்து வந்துட்டார்.

அப்புறம் கேட்டேன், "அக்கா, நீங்க வரும்போது ஏர்போர்ட்ல ஸ்டாம்ப் அடிச்சாங்களா, ஒரு வெள்ளை அட்டை கொடுத்திருப்பாங்களே, இருக்கா?" இருக்கு. பழைய பாஸ்போர்ட்ல ஸ்டேபிள் பண்ணின அந்த ஐ-94 அட்டையை, காலாவதி ஆயிருந்தும், இருபத்தி ரெண்டு வருஷமா ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு அரிசி டின்னுக்குப் பின்னாடி வச்சிருக்காங்க. யாராவது கேட்டா காட்டணுமேன்னு வச்சிருந்தாங்களாம், ஒருத்தரும் கேக்கல. அந்த அட்டைதான் அவங்க முறைப்படி உள்ள வந்ததுக்கு சாட்சி. பார்டர் தாண்டி வந்திருந்தா அதே பொண்ணு, அதே 21 வயசு, அதே உழைப்பு இருந்தும் இந்த வழி கிடைச்சிருக்காது. அப்படி வந்தவங்க எத்தனையோ பேர் இதே மாதிரி சமையல் வேலைதான் பார்க்கறாங்க, அதை நினைச்சா இந்தச் சந்தோஷமும் முழுசா தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது.

லாயர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், அந்தப் பேப்பர் வேலை பார்க்கறவர்கிட்ட இல்ல, லைசென்ஸ் இருக்கற இமிக்ரேஷன் லாயர்கிட்ட. எனக்குப் பார்த்த அதே அம்மாதான். அவங்க கேட்ட கேள்விகளை வச்சே எது மன்னிக்கப்படும், எது படாதுன்னு எனக்கு இன்னும் புரிஞ்சுது. எத்தனை வருஷம் தாண்டிச்சுன்னு கேட்டாங்க, சொன்னதும் ஒரு கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டாங்க. அனுமதி இல்லாம வேலை பார்த்தீங்களா, ஆமா, அதுக்கும் ஒரு கோடு. அடுத்து கேட்டதுக்குதான் பேனாவைக் கீழ வச்சுட்டு அக்கா முகத்தைப் பார்த்தாங்க. எந்த வேலைக்காவது ஃபார்ம்ல அமெரிக்க சிட்டிசன்னு டிக் பண்ணியிருக்கீங்களா, ஓட்டுக்கு எங்கயாவது பேர் கொடுத்திருக்கீங்களா, பார்டர்ல எப்பவாவது பிடிச்சுத் திருப்பி அனுப்பியிருக்காங்களா, கோர்ட்ல இருந்து நோட்டீஸ் வந்து போகாம விட்டிருக்கீங்களா. சிட்டிசன்னு பொய் சொன்னதுக்கு பெரும்பாலும் மன்னிப்பே கிடையாதாம், வேலை கிடைக்க அவசரத்துல, வேலைக்குச் சேரும்போது நிரப்பற ஐ-9 ஃபார்ம்ல தப்பான கட்டத்தை டிக் பண்ணி மொத்தமா மாட்டினவங்களை அவங்க பார்த்திருக்காங்க. அக்கா ஃபார்ம் எதுவும் நிரப்பற வேலைக்கே போனதில்ல, எல்லாம் வீட்டு அடுப்படிதான், அது இன்னைக்குக் காப்பாத்திச்சு. ஃபார்ம்ல அந்தக் கட்டத்துக்கு அக்காவும் ஆமான்னுதான் போட்டாங்க.

பயம் இல்லாம இல்ல. 2025 பிப்ரவரில வந்த வழிகாட்டுதல்படி, அப்ளிகேஷன் நிராகரிக்கப்பட்டு ஆளுக்கு ஸ்டேட்டஸும் இல்லன்னா இமிக்ரேஷன் கோர்ட்டுக்கு நோட்டீஸ் போகும், முன்ன மாதிரி கண்டுக்காம விட மாட்டாங்க. மறைஞ்சு இருக்கறவங்க தானா முன்னாடி வந்து பேரையும் அட்ரஸையும் எழுதிக் கொடுக்கற விஷயம் இது. லாயர் இதை எதையும் பூசி மெழுகல, ரெண்டு பக்கமும் சொன்னாங்க, முடிவு அக்காவும் பொண்ணும் எடுத்தது. அப்ளிகேஷன் நிலுவைல இருக்கும்போது அட்வான்ஸ் பரோல், அதாவது போயிட்டுத் திரும்பி வர முன்கூட்டியே தர்ற அனுமதி, வாங்கி ஊருக்குப் போயிட்டு வரலாமான்னு அக்கா கேட்டாங்க, அப்பாவுக்கு எண்பது தாண்டிடுச்சு. அர்ரபல்லி-எர்ரபெல்லின்னு நம்ம ஊர்க்காரங்க வழக்குல 2012-லயே தீர்ப்பு இருக்கு, பரோல்ல போனா அந்த 10 வருஷத் தடை விழாதுன்னு. ஆனா இப்ப இருக்கற நிலைமைல அதை நம்பிப் போகச் சொல்ல எனக்கு தைரியம் இல்லன்னு லாயர் சொல்லிட்டாங்க. அக்கா ஒண்ணும் பேசல, தலையை மட்டும் ஆட்டினாங்க.

கடைசியா ஸ்பான்சர் விஷயம். பொண்ணு காலேஜ் படிக்கறா, பார்ட் டைம் சம்பளம், ஸ்பான்சர் பண்றவங்க கொடுக்கற ஐ-864 ஃபார்முக்கு வறுமைக் கோட்டுல 125 சதவீதம் வருமானம் காட்டணும், அவளுக்கு வராது. கூட்டு ஸ்பான்சர் வேணும், சிட்டிசனோ கிரீன் கார்டோ இருக்கறவங்க யாரும் ஆகலாம். நான் போடறேன்னேன். என் சம்பளம் மட்டும் எங்க குடும்ப எண்ணிக்கைக்குப் பத்தல, அதனால இவரும் தனியா ஒரு ஃபார்ம்ல கையெழுத்து போடணும். இவர் உடனே சரின்னு சொல்லல, அதுக்காக நான் கோச்சுக்கவும் இல்ல. அது சும்மா கையெழுத்து இல்லீங்க, அக்கா சிட்டிசன் ஆகற வரைக்குமோ, 40 காலாண்டு வேலைக் கணக்கு சேர்ற வரைக்குமோ சட்டப்படி பொறுப்பு நம்ம தலைல. இவர் அந்த ஃபார்மை ஒரு வரி விடாமப் படிச்சார், நம்மளுக்கு வேலை போனா என்ன பண்றதுன்னு கேட்டார், பெரியவ காலேஜ் செலவைக் கணக்குப் போட்டார். ரெண்டு நாள் அதைப் பத்திப் பேசவே இல்ல. மூணாவது நாள், "2020-ல அந்த 245(கே) மட்டும் இல்லன்னா நீ எங்க இருந்திருப்ப"ன்னு கேட்டார், நான் பதில் சொல்றதுக்குள்ள பேனா எங்கன்னு தேடினார்.

மெடிக்கல் ரிப்போர்ட்டை இப்பல்லாம் அப்ளிகேஷன் கூடவே வைக்கணும், பின்னாடி தர்றேன்னு சொல்ல முடியாது, அதை முடிச்சோம். ஃபீஸ் செக்கா வாங்க மாட்டேங்கறாங்க, பொண்ணோட கார்டுல போச்சு, பொண்ணு அம்மாவுக்காகப் போடற பெட்டிஷனான ஐ-130-க்கு 675 டாலர், ஐ-485-க்கு 1,440 டாலர். போன வாரம் ரசீது வந்துடுச்சு. இன்டர்வியூ எப்ப வரும்னு தெரியல, வந்தா லாயரும் கூட வரணும்னு சொல்லியிருக்காங்க, அதுக்குத் தனி ஃபீஸ். அதை அக்கா சமையல் சாப்பிடற வீடுகள் எல்லாம் சேர்ந்து பார்த்துக்கலாம்னு பேசி வச்சிருக்கோம். அக்காவுக்கு அதுல சம்மதம் இல்ல, அந்தக் காசை சாப்பாட்டுல கழிச்சுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க, இன்னும் பேசிட்டுத்தான் இருக்கோம்.